அணை மீனில் ஒரு கிரீம் சாஸ்

கிருஷ்ணகிரியில் மீன் வாங்க எங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊருக்குள் இருக்கும் கடைகளில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் கடல் மீன் ஒன்று. தென்பெண்ணையின் குறுக்கே, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பட்ட கே.ஆர்.பி. அணையில் பிடித்து, அணையை ஒட்டிய கடைகளில் விற்கும் மீன் மற்றொன்று. சென்னைக் கடற்கரைக்கும் எங்களுக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் இருப்பதால், வஞ்சிரமும் சங்கராவும் குறைந்தது ஓர் இரவாவது பயணம் செய்த பிறகே எங்கள் ஊர்த் தராசில் ஏறுகின்றன. அணை மீனோ காலையில் வலையில் விழுந்தது மதியத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் மீன் என்றாலே கட்லா, ரோகு, ஜிலேபி, எப்போதாவது விரால், இவைதான். செய்முறையும் இரண்டுதான்: புளி கரைத்த குழம்பு, மிளகாய்த்தூள் தடவிய வறுவல்.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைக் கடந்த சில ஆண்டுகளாக நான் செய்து வருகிறேன். முள் நீக்கிய வெள்ளைச் சதைத் துண்டுகளை வெண்ணெயில் வாட்டி, மீன் முள்ளில் எடுத்த சாற்றோடு கிரீம் சேர்த்துச் செய்த சாஸில் இறக்கி எடுப்பது. ஐரோப்பாவில் காட், ஹாடக், சோல் போன்ற குளிர்க்கடல் மீன்களுக்கு இது வெகு இயல்பான சமையல். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பெயர்போன பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் சோல் மீனைக் கிரீமோடு சமைப்பதை அந்த ஊரின் அடையாளமாகவே சொல்வார்கள். அந்த மீன்கள் நமக்குக் கிடைக்கா. கிடைத்தாலும் நம் பைக்கு ஒத்துவரா. ஆனால் அவற்றின் இடத்தில் அணையின் ஜிலேபி மீன் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதை நான் பலமுறை கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை கெட்டதற்கு என் குழம்புக் கைதான் காரணம். வெங்காயம் வதக்கி, மாவு சேர்த்து, பால் ஊற்றி, கிரீம் விட்டு, கொதி வந்ததும் மீன் துண்டுகளைப் போட்டு, குழம்புக்கு விடுவதைப் போலவே பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டேன். கொதித்துக்கொண்டிருக்கும்போதே அரை எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். மூடியைத் திறந்து பார்த்தபோது, சாஸ் திரிந்த பாலைப்போல நீரும் திப்பியுமாகப் பிரிந்திருந்தது. மீன் துண்டு ஒன்றுகூட முழுதாக இல்லை, கரண்டியில் நார்நாராக வந்தது. அன்று பிள்ளைகள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

புளிக்குழம்பில் மீன் காத்திருக்கும். முள்ளும் தோலும் துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், புளி சதையை இறுக்கும், மறுநாள் காலையில் இன்னும் நன்றாக இருக்கும். முள்ளும் தோலும் நீங்கிய சதைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மீனின் சதை ஆட்டிறைச்சியைப்போல நீண்ட நார்களால் ஆனதன்று. குட்டை நார்கள் அடுக்கடுக்காக நின்று, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். ஆட்டிறைச்சியின் சவ்வு இளக மணிக்கணக்கில் வேக வேண்டும் என்றால், மீனின் சவ்வு 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடுகிறது. மீன் இதழ் இதழாகப் பிரிவது இதனால்தான். உள்ளே 63 டிகிரி வந்துவிட்டால் மீன் பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று கணக்கு. அதற்கு மேல் போகப்போக நார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. அந்த நீர் சாஸில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும்; மீனும் சக்கையாகிவிடும். இரண்டு பண்டமும் ஒரே தவறில் கெடுவதால், இந்தச் சமையலில் முழுக் கவனமும் மீன் அடுப்பில் இருக்கும் அந்த ஐந்தாறு நிமிடங்களில் இருக்க வேண்டும். சாஸ் முழுதாகத் தயாராகி, சோறு வடித்து, தட்டு வைத்து, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகே மீனைத் தொட வேண்டும் என்பதை இப்போது நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

எந்த மீன் என்பதை இனிச் சொல்கிறேன். அணைக் கடைகளில் பெரிதாகவும் பளபளப்பாகவும் கிடப்பவை கட்லாவும் ரோகுவும். குழம்புக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை, ஆனால் இதற்கு அவை உதவா. கெண்டை இன மீன்களின் சதைக்குள், முதுகெலும்போடு ஒட்டாமல், கவட்டைக் குச்சி வடிவில் சிறுசிறு முட்கள் வரிசையாகப் புதைந்திருக்கும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் வீட்டுக் கத்தியால் அவற்றை முழுதாக எடுக்க முடியாது. கிரீம் சாஸில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு முள் கிடந்தால் அது குழம்பில் கிடப்பதைவிட ஆபத்து, ஏனென்றால் சாப்பிடுகிறவர் முள் இல்லை என்று நம்பி வேகமாகச் சாப்பிடுவார். ஜிலேபியில் அந்தக் கவட்டை முட்கள் கிடையா. விராலிலும் முள் குறைவு. சதை இன்னும் உறுதியாக, இன்னும் இனிப்பாக இருக்கும், ஆனால் விலையைக் கேட்டால் மாதத்துக்கு ஒரு முறை என்று மனம் தானே முடிவு செய்துகொள்ளும்.

ஜிலேபியைச் சிலர் தாழ்வாகப் பேசுவதுண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பழைய இனம், குளங்களில் அளவுக்கு மீறிப் பெருகி, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டதால் வந்த பெயர் அது. இப்போது வளர்ப்புக் குளங்களில் விடும் 'கிஃப்ட்' வகை அதுவன்று. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில், பல நாட்டு ஜிலேபிகளைச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக நன்றாக வளரும் மீன்களையே தாய்மீன்களாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. நல்ல நெல்லை விதைக்கு எடுத்து வைக்கும் உழவர் செய்கிற அதே வேலைதான். மரபணு மாற்றம் அன்று. முக்கால் கிலோவுக்குக் குறையாத மீனாகப் பார்த்து வாங்கினால், பக்கத்துக்கு ஒரு நல்ல தடிமனான துண்டு கிடைக்கும்.

ஆனால் கணக்கு மட்டும் முதலில் மனதைச் சற்றே உறுத்தும். ஜிலேபியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முள் நீக்கிய சதையாகத் தேறும். நான்கு பேருக்கு அரைக் கிலோ சதை வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ மீன் வாங்க வேண்டும். மிச்சம் ஒரு கிலோ தலையும் முள்ளும் வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அணைக்கடையில் மீன் வெட்டித் தரும் அக்காவிடம் முதன்முறை, "முள்ளில்லாமல் இரண்டு பக்கச் சதையை மட்டும் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டபோது, அவர் அரிவாள்மனையின் மேல் இருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முள்ள எடுத்துட்டா அப்புறம் கொழம்புல என்னக்கா ருசி இருக்கும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். குழம்புக்கு அன்று என்று சொன்னதும், செதில் சீவி, குடல் எடுத்து, செவுளை நீக்கி, முழு மீனாகவே பையில் போட்டுக் கொடுத்தார். அதுவே நல்லதாகப் போயிற்று. நின்ற அரிவாளில் மீனைத் தள்ளி அறுப்பது துண்டு போடத்தான் தோதானது. சதையை உரித்தெடுக்க வளையும் தன்மையுள்ள மெல்லிய கத்தி வேண்டும்.

மீனைப் பலகையில் பக்கவாட்டில் கிடத்தி, செவுளுக்குப் பின்னால் சாய்வாக முதுகெலும்பு தட்டும் வரை ஒரு வெட்டு. பிறகு கத்தியைத் திருப்பி, முதுகு விளிம்பிலிருந்து எலும்பின் மேலேயே படுக்க வைத்து வால் பக்கமாக இழுக்க வேண்டும். கத்தி சரியான இடத்தில் போகிறதா என்பதைக் கண்ணைவிடக் காதுதான் சொல்லும்: முதுகு முட்களின் மேல் நுனி ஓடும்போது சீப்புப் பற்களில் நகத்தை ஓட்டியதைப்போல மெல்லிய டகடகச் சத்தம் வரும். சத்தம் நின்றுவிட்டால் கத்தி மேலே ஏறிச் சதையைத் தின்கிறது என்று பொருள். விலா எலும்பின் மேட்டை வளைந்து கடந்ததும் சதை முழுதாகக் கழன்று கையில் வரும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, வால் முனையில் சிறிது கல் உப்பைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவில் கத்தியை நுழைத்துத் தோலை இடவலமாக ஆட்டி இழுத்தால் தோல் தனியே வந்துவிடும். உப்பு இல்லாவிட்டால் விரல் வழுக்கும். தலைப்பக்கம் நடுக்கோட்டில் விரலால் தடவிப் பார்த்தால் சில முட்கள் குத்தும். அந்த இடத்தை மட்டும் கூரிய முக்கோணமாக அறுத்து எடுத்துவிட வேண்டும்.

தோலை நீக்கிய பக்கத்தில் செம்பழுப்பாக ஒரு பட்டை ஓடும். அதையும் மெல்லச் சீவி எடுத்துவிடுவது என் வழக்கம். குழம்பாக இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். ஆனால் நன்னீர் மீனில் வரும் சேற்று வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் தங்குகிறது, அந்தப் பட்டையில்தான் கொழுப்பு அதிகம். அந்த வாடை சேற்றை மீன் தின்பதால் வருவதில்லை. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருள் செவுள் வழியாக மீனுக்குள் போய்ச் சேருகிறது. முதல் மழை மண்ணில் விழும்போது எழும் வாசனையும் இதே பொருளால் வருவதுதான். மண்ணில் மணமாக இருப்பது தட்டில் வாடையாகிவிடுகிறது. கோடையில் நீர் வற்றிப் பாசி பெருகும் மாதங்களில் இது கூடுதலாகத் தெரியும். புளிப்பு இந்தப் பொருளைச் சிதைத்து மணமற்றதாக்கிவிடும். நம் பாட்டிமார்கள் மீனைப் புளித்தண்ணீரிலும் உப்பிலும் அலசியதற்கும், ஏரி மீனுக்குப் புளிக்குழம்பே பொருத்தம் என்று கண்டுகொண்டதற்கும் பின்னால் இந்த உண்மை இருக்கிறது. கிரீம் சாஸுக்குப் புளி ஆகாது என்பதால், நான் துண்டுகளைப் புளித்த மோரில் உப்புப் போட்டு இருபது நிமிடம் ஊற வைத்து, கழுவி, துணியில் ஒற்றி எடுக்கிறேன்.

ஜிலேபி கிடைக்காத நாள்களில் ஓசூர்ப் பக்கம் பெரிய கடைகளில் விற்கும் உறைந்த பாசா துண்டுகளையும் வாங்கியிருக்கிறேன். வியட்நாமின் மீகாங் ஆற்றுப் பகுதியில் பெருமளவில் வளர்க்கும் கெளுத்தி இன மீன் அது. முள்ளே இல்லை, வாடையும் இல்லை என்பது வசதிதான். சுவையும் இல்லை என்பது என் கருத்து. பொட்டலத்தின் எடையில் மேலே பூசிய பனிக்கட்டியும் சேர்ந்திருக்கலாம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வடிதட்டின் மேல் வைத்து மெல்ல இளக விட்டு, காலையில் துணியால் அழுத்தித் துடைத்தால்தான் அது வாணலியில் வாடும். இல்லாவிட்டால் தன் நீரிலேயே வெந்து குழையும்.

இப்போது அந்த மிச்ச ஒரு கிலோ. தலைகள் இரண்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, நடு முட்களையும் ஓரத் துண்டுகளையும் இரத்தம் போகக் கழுவி, அரை லிட்டர் தண்ணீர், நான்கு மிளகு, ஒரு வெங்காயத் துண்டு, கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றோடு அடுப்பில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழ் வரும்படி இருபது நிமிடம் போதும். ஆட்டு எலும்பைப்போல நேரமாக ஆக நல்லது என்று விட்டுவிட்டால் மீன் முள்ளிலிருந்து கசப்பு இறங்கிவிடும். வடிகட்டினால் ஆறியதும் விரலில் ஒட்டும் சாறு ஒன்றரைக் குவளை கிடைக்கும். இந்தச் சாறு இல்லாமல் வெறும் பாலிலும் கிரீமிலும் செய்த சாஸ் வாய்க்குக் கொழகொழப்பாக இருக்கிறதே ஒழிய மீனோடு உறவாடுவதில்லை. இந்தச் சமையலில் ஏதாவது ஒன்றை விட்டுவிடலாம் என்றால் எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.

சாஸுக்கு 30 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய எட்டுச் சின்ன வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் நிறம் மாறாமல், கண்ணாடிபோல ஆகும் வரை சிறுதீயில் வதக்குகிறேன். பொன்னிறமாக வதக்கும் பழக்கத்தைக் கை இங்கே மறக்க வேண்டும். வெங்காயம் சிவந்தால் சாஸ் பழுப்பாகிச் சுவையும் வேறு பக்கம் போய்விடும். ஒன்றரை மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் கிளறி, மீன் சாற்றை 200 மில்லி அளவுக்குச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்கி, ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். மாவு வேகும் வரை கொதிப்பது இந்தக் கட்டத்தில்தான். அதன் பிறகு தீயைக் குறைத்து 150 மில்லி கிரீம்.

கிரீம் ஏன் திரிகிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. திரிவது கொழுப்பன்று, பாலிலுள்ள புரதம். சூடும் புளிப்பும் சேர்ந்து வரும்போது அது திரண்டுகொள்கிறது. கொழுப்பு அதிகமாக ஆகப் புரதத்தின் பங்கு குறைவதால், இங்கிலாந்தில் 'டபுள் கிரீம்' என்ற பெயரில் விற்கும் 48 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் கொதித்தாலும் எலுமிச்சை பட்டாலும் அசையாது. நம் கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 விழுக்காடு கொழுப்புதான். ஆகவே அதற்குத் துணை வேண்டும். அந்தத் துணைதான் மைதா. வெந்த மாவின் பசை புரதத் துகள்களுக்கு நடுவில் நின்று அவற்றைத் திரள விடாமல் தடுக்கிறது. அப்படியிருந்தும் கிரீம் விட்ட பின் ஒரு முறை மெல்லக் குமிழ் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வேன். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். வீட்டுப் பாலில் எடுத்த ஏட்டைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள்; சேர்க்கலாம், ஆனால் காய்ச்சிய பாலின் ஏட்டில் ஏற்கெனவே திரண்ட புரதம் இருப்பதால், சிறிது பச்சைப்பால் விட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றி வடிகட்ட வேண்டும். சாஸ் வழவழப்பில் சற்றுக் குறையும், மணத்தில் கூடும்.

உப்பு, வெள்ளை மிளகுத்தூள், வெந்த பிறகு தூவக் கீரை ஒன்று. இந்தக் கீரையில்தான் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பேறு இருக்கிறது. வட ஐரோப்பாவில் வெள்ளை மீனுக்கும் கிரீமுக்கும் இணைபிரியாத கீரை 'டில்'. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதைத் தேடி அலைய வேண்டும். ஓசூரிலோ கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், அவர்கள் 'சப்சிகே சொப்பு' என்று சொல்லிப் பருப்பிலும் அடையிலும் போடும் கீரையாகச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. தமிழில் இதைச் சதகுப்பைக் கீரை என்பார்கள். அதே கீரைதான் அது. பூமயிர்போல மெல்லிய இலைகள், சோம்பும் சீரகமும் கலந்ததைப் போன்ற மணம். தண்டை நீக்கி இலையை மட்டும் அரிந்து ஒரு கைப்பிடி கடைசியில் சேர்த்தால், சாஸின் கொழுப்புச் சுமை சட்டென்று இலேசாகிறது. கொத்தமல்லித்தழை போட்டுப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நாக்கு உடனே குருமாவைத் தேடத் தொடங்கிவிட்டது.

சாஸ் கரண்டியின் பின்புறத்தில் பூசிக்கொண்டு நிற்கும் பதத்தில், மூடி வைத்து, ஆட்களைக் கூப்பிட்டாயிற்று. இனி மீன். பதினைந்து நிமிடம் முன்பே உப்புத் தடவி வைத்திருந்த துண்டுகளை இன்னொரு முறை துடைத்து, அகன்ற தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது வெண்ணெயும் விட்டு, வெண்ணெயின் நுரை அடங்கியதும் முதுகுப்பக்கம் கீழே படும்படி வைக்க வேண்டும். வைத்த பிறகு தொடவே கூடாது. ஓரத்திலிருந்து வெண்மை மெல்ல மேலேறி வருவது கண்ணுக்குத் தெரியும்: முதலில் கண்ணாடிபோல இருந்த சதை, சுண்ணாம்பு காய்வதைப்போல விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெளுக்கும். முக்கால் உயரம் வெளுத்ததும், ஒன்றரைச் செண்டிமீட்டர்த் துண்டுக்கு இது சுமார் மூன்று நிமிடம், அகலமான தோசைத்திருப்பியால் ஒரே முறை திருப்பி, அரை நிமிடத்தில் அப்படியே எடுத்துச் சூடான சாஸில் இறக்கிவிடுகிறேன். சாஸின் சூட்டிலேயே அடுப்பு அணைந்த நிலையில் இரண்டு நிமிடம் இருக்கட்டும். தடித்த இடத்தில் கத்தி நுனியை விட்டு லேசாகத் திருப்பினால் இதழ்கள் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடித்தன்மை எங்கும் தெரியக்கூடாது. நன்னீர் மீனை அரைவேக்காட்டில் சாப்பிடுவது நல்லதன்று என்பதால் நடுப்பகுதியை நான் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவேன்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலக்கோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மீன் சமையலில் எனக்கு ஆசிரியர் அவர்தான். நான் முதல் முறை கிரீம் பெட்டியைத் திறந்தபோது, "மீனையும் பாலையும் ஒண்ணா சேக்கலாமா கண்ணு? ஒடம்பு வெளுத்துப் போகும்னு சொல்லுவாங்களே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சொன்னார். சரக சம்ஹிதையிலேயே மீனும் பாலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் தலைமுறைகளாக இது வழங்கி வருகிறது. ஆனால் வெண்புள்ளி என்பது, தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது. தொழுநோயோடு அதற்கு உறவில்லை, ஒட்டுவதுமில்லை, மீனும் பாலும் சேர்ந்து அதை உண்டாக்குவதுமில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லன் என்ற ஊரின் பெயரிலேயே புகையிட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, பால் சேர்த்த சூப் ஒன்று இருக்கிறது. வங்காளிகள் தயிரில் மீன் சமைக்கிறார்கள். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சாப்புடுங்க, எனக்கு வேணாம்" என்றார். மீன் ஒவ்வாமையோ பால் ஒவ்வாமையோ உள்ளவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும். அத்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை, மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டில் ஒருவர் மனம் ஒப்பாததை வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே அவருக்குத் தனியே தேங்காய்ப்பாலில் செய்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் வேகவிட்டு, மீன் போட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றியதும் கொதிவருமுன் அத்தை தாமே வந்து அடுப்பை அணைத்தார். முதல் பால் ஊற்றினால் கொதிக்க விடக்கூடாது, எலுமிச்சை இறக்கிய பிறகுதான் என்பது அவர் கை அறிந்த பாடம். கிரீமுக்காக நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் வீணாக்கிக் கற்றது, சொதி வைக்கும் எந்த வீட்டிலும் முன்பே இருந்த அறிவுதான். தேங்காய்ப்பாலிலும் சூட்டில் புரதம் திரண்டு எண்ணெய் தனியே பிரிகிறது. காரணமும் ஏறக்குறைய ஒன்றே. கிரீமைக் கண்டு தயங்குகிறவர்கள் இந்தத் தேங்காய்ப்பால் வடிவத்திலிருந்து தொடங்கலாம். மைதா வேண்டாம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், சதகுப்பைக்குப் பதில் கறிவேப்பிலை. மற்றதெல்லாம் அதே வரிசை.

எதனோடு சாப்பிடுவது என்பதில் எங்கள் வீட்டில் சில சோதனைகள் நடந்தன. கேழ்வரகுக் களியோடு இது சேரவே இல்லை. களி உருண்டை தொண்டையில் வழுக்கி இறங்கப் புளிப்பும் காரமும் நீர்ப்பதமும் உள்ள குழம்பு வேண்டும். கிரீம் சாஸ் களியோடு சேர்ந்து வாயை அடைக்கிறது. வெள்ளைச் சோறு பரவாயில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு நன்றாகப் பொருந்தும். எனக்குப் பிடித்தது சாமைச் சோறு. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைப் பக்கம் விளையும் சாமையை உதிரியாக வடித்து, மேலே சாஸை ஊற்றினால், ஒவ்வொரு மணியும் சாஸைத் தனித்தனியே பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இராயக்கோட்டைத் தக்காளி இரண்டைக் கல்லில் சுட்டு வைத்தால் தேவையான புளிப்பும் நிறமும் கிடைத்துவிடும். பிள்ளைகள் ரொட்டியைத் தொட்டுத் தட்டைத் துடைத்துவிடுகிறார்கள்.

மிஞ்சினால் மறுவேளைக்குக் கொதிக்க வைக்கக்கூடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் இது மிஞ்சுவது அரிது.

மிஞ்சுவது தலைக்குழம்பு. எடுத்து வைத்த இரண்டு ஜிலேபித் தலைகளையும் வால் பக்கத்து முள் துண்டுகளையும் அத்தை மண்சட்டியில் புளி கரைத்து, மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வைத்துவிடுவார். நான் தோசைக்கல்லின் முன் நின்று நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அடுப்பில் அது தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். மதியம் வெள்ளை மீனை, அது தட்டில் விழுந்த கணமே நாங்கள் சாப்பிட்டு முடிப்போம். சட்டியை அத்தை அன்று யாரையும் தொட விடுவதில்லை. மூடி போட்டு அப்படியே இருத்தி, இரவில் ஒரு கொதி விட்டு இறக்கி வைத்து, மறுநாள் காலையில் களி கிண்டிய பிறகுதான் திறப்பார்.